சம பங்கு: ஹட்டன் பக்கத்து ரொக் பேண்ட் ஒன்று எழுந்ததும் உடைந்ததும்

எங்கள் பேண்ட் ஏன் உடைந்தது என்று கேட்டால் இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரைக்கும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாடகனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பார்கள், தண்ணியைப் போட்டுவிட்டு மேடையிலேயே அடிபட்டார்கள் என்பார்கள், ஏதோ பெண் விவகாரம் என்று ஒருத்தர் பஸ்ஸில் என்னிடமே விளக்கமாகச் சொன்னார், அந்த பேண்டில் கீபோர்ட் வாசித்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என்னிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. எட்டு வருஷக் கணக்கு அதில் இருக்கிறது, வேன் கூலி, சவுண்ட்ஸ் வாடகை, யாருக்கு எவ்வளவு கொடுத்தேன் எல்லாம். அந்தக் கொப்பியைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குப் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐந்து பேரும் இருக்கிறோம், திருவிழா, சாவு என்று வந்தால் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்க வேண்டும். அதனால் பேர் போடவில்லை, பேண்டின் பேரும் வேண்டாம். வாசித்த வாத்தியத்தைச் சொல்லியே கூப்பிடுகிறேன். லீட் கிட்டார் தோட்டப் பாடசாலையில் வாத்தியார். பாடகன் டவுன்காரன், அப்பாவுக்குக் கடை. பேஸ் வாசித்தவன் போன் ரிப்பேர் கடையில் நின்றான். ட்ரம்மர் தோட்டத்தில் பேர் போட்டு, அதாவது நாள் சம்பளத்துக்குப் பதிந்து, வேலை செய்தவன், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்காரன். நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கிளார்க், ஆகவே கணக்கு என் தலையில் விழுந்தது.

மலையகத்தில் ரொக் என்றால் முதலில் சிரிப்பார்கள். கண்டியிலிருந்து பாரனாய்ட் எர்த்லிங் பேண்ட் மாதிரி ஆட்கள் வந்திருக்கிறார்கள், ஆனால் அது ஆங்கிலம், அந்தக் கூட்டம் வேறு. தமிழில் கிட்டாரோடு நின்று பாடியவர்கள் என்றால் எங்கள் அப்பாமார் ஏ.ஈ. மனோகரனையும் நித்தி கனகரத்தினத்தையும் சொல்வார்கள், அந்தப் பொப்பிசைக் காலத்துக்கு அப்புறம் இங்கே மேடை என்பது பெரும்பாலும் தோட்டத்துத் திருவிழா ‘மியூசிக்கல் ஷோ’தான். மாரியம்மன் தேர் சுற்றி வந்து நின்றதும் மேடையில் லைட் போடுவார்கள், நாலு பக்திப் பாட்டு, அதற்குப் பிறகு சினிமாப் பாட்டு, கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும், “இன்னார் தன் மாமன் மகளுக்காகக் கேட்கும் பாடல்”, கடைசியில் பைலா, ஆடவைக்கிற துள்ளல் பாட்டு. பைலா இல்லாமல் இறங்கினால் கமிட்டிக்காரர் மீதிக் காசைக் கொடுக்க இழுத்தடிப்பார். நாங்கள் 2014-ல் தொடங்கியபோது செய்ததும் இதையேதான். முப்பது பாட்டில் இரண்டு எங்களுடையது, அதுவும் இரவு ஒரு மணிக்குமேல், பெரியவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, போன பிறகு.

பயிற்சி எடுத்தது கைவிடப்பட்ட ஒரு பிள்ளைமடுவத்தில். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் குழந்தைகளை விட்டுப் போகும் இடம். சுவரில் இன்னும் ஆனா ஆவன்னா எழுதியிருந்தது, கூரை தகரம். ஜூன், ஜூலையில் எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரிந்திருக்கும், விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை அது. தகரத்தில் அது விழுகிற சத்தத்தில் ஆம்பை முழுக்க ஏற்றினாலும் பக்கத்தில் இருப்பவன் வாசிப்பது கேட்காது, அதனால் கண்ணைப் பார்த்தே வாசிக்கப் பழகினோம், ட்ரம்மர் தோளைத் தூக்கினால் அடுத்த பகுதி. நாங்கள் ‘டைட்’ என்று பின்னால் பேர் வாங்கியதற்குக் காரணம் அந்தத் தகரம்தான். இன்னொரு தொல்லை குளிர். பனியில் மேடைக்குப் பின்னால் ட்யூன் செய்துகொண்டு ஏறுவோம், லைட்டின் சூட்டில் கம்பி தளர்ந்து இரண்டாவது பாட்டுக்குள் சுருதி கீழே இறங்கிவிடும். மேடையில் ஏறி லைட்டுக்குக் கீழே பத்து நிமிஷம் சும்மா நின்றுவிட்டு ட்யூன் செய்ய வேண்டும் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருஷம் போனது. கரண்ட் வேறு ஏறி இறங்கும். தோட்டத்து லைனில் எர்த் சரியாக இருக்காது, ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல், அதோடுதான் அம்மன் பாட்டு.

ட்ரம்மரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் எழுந்ததும் அவனால், உடைந்ததும் அவன் விஷயத்தில்.

அவனுடைய அப்பா தப்பு மேளம் அடிப்பவர். சாவுக்கும் கூத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாசியில் காமன் கூத்து நடக்கும்போது ராத்திரி முழுக்க அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நெருப்பில் தப்பைக் காய்ச்சிக் கொடுத்து வளர்ந்தவன். ஒருநாள் பயிற்சியில் எல்லோரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவன் மட்டும் ஸ்னேர் ட்ரம்முக்குக் கீழே இருக்கும் கம்பியைத் தளர்த்திவிட்டு, இடது கையில் மெல்லிய மூங்கில் சிம்பு, வலது கையில் வழக்கமான குச்சி என்று வைத்துக்கொண்டு சும்மா தட்டிக்கொண்டிருந்தான். ஸ்னேரில் அந்தச் சரசரப்பு போனதும் சத்தம் அப்படியே தப்பு மாதிரி வந்தது, சிம்பு விளிம்பில் ‘சட சட’ என்று ஓட, நடுவில் குச்சி இறங்க, ரதி மதன் கூத்தில் மதன் எரிகிற இடத்துக்கு வருமே, அந்த அடி. லீட் டீயைக் கீழே வைத்துவிட்டு கிட்டாரை எடுத்தார். அன்று சாயந்தரத்துக்குள் பாட்டு பாதி முடிந்துவிட்டது. வரிக்கு லீட் எடுத்தது எல்லோருக்கும் தெரிந்த பழைய தெம்மாங்கு, தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்து மலையைக் கை காட்டி அண்ணனை இழந்ததைச் சொல்வது. அதன் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை இன்றைய சம்பளக் கதையாக எழுதினார்.

அந்தப் பாட்டை வீடியோவாக எடுத்து 2018 மே மாதம் யூடியூப்பில் போட்டோம். முதல் அஞ்சு மாசம் சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். அப்புறம் அக்டோபர் வந்தது, நாளுக்கு 1000 ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டு தோட்டங்களில் போராட்டம், கொழும்பில் காலிமுகத்திடலில் இளைஞர்கள் கறுப்பு உடுத்திக்கொண்டு கூடினார்கள். யாரோ எங்கள் பாட்டைப் போராட்டப் படங்களோடு ஒட்டிப் பகிர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான், பண்டாரவளையிலிருந்தும் இரத்தினபுரியிலிருந்தும் போன் வந்தது. போராட்டத்துக்காகப் பாடினோம் என்று பின்னால் பேட்டிகளில் சொல்லிக்கொண்டோம், உண்மை என்னவென்றால் நேரம் எங்களைத் தேடி வந்தது. அடுத்த ஜனவரியில் தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் கையெழுத்துப் போட்ட கூட்டு ஒப்பந்தம் 700 அடிப்படை, 50 விலைக் கொடுப்பனவு என்று 750-ல் முடிந்தது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சம்பவம். கொழும்பில் ஒரு மேடை கிடைத்தது, லீட் சொன்னார், ஸ்னேர் வேண்டாம், உண்மையான தப்பையே மேடையில் ஏற்றுவோம், அதுதான் நம் அடையாளம் என்று. அவர் மனதாரத்தான் சொன்னார். ட்ரம்மர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சேர், நீங்க எடுத்து அடிச்சா அது கலை. நான் அடிச்சா எங்க அப்பா தொழில்,” என்றான். லீட் அவனுக்குத் தன்மானம் பற்றி அரைமணி நேரம் விளக்கினார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான், தப்பைக் கொண்டு வரவில்லை. எட்டு வருஷமும் அவரை அவன் ‘சேர்’ என்றுதான் கூப்பிட்டான், மேடையில் மைக்கில்கூட. நாங்கள் மற்றவர்கள் மச்சான் மச்சான் என்று பேசிக்கொள்வோம். என்னை ‘அண்ணே’ என்பான்.

சரி, காசுக் கதைக்கு வருகிறேன்.

தொடக்கத்திலேயே ஒரு முடிவு எடுத்தோம்: செலவு போக மீதி ஐந்து சம பங்கு. பெரியவன் சின்னவன் கிடையாது, பாட்டு எழுதினவனுக்கு அதிகம் கிடையாது. இதைச் சொன்னதே நான்தான், எல்லோரும் கைதட்டினார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது கொப்பியில் 2018 ஏப்ரல் பக்கத்தைப் பார்க்கிறேன். திருவிழாக் காலம், மூன்று ஷோ. ஒரு ஷோவுக்கு 35,000. அதில் வேன் 8,000, சவுண்ட்ஸ் 12,000, சாப்பாடும் சில்லறையும் 2,500. மீதி 12,500, ஆளுக்கு 2,500. மூன்று ஷோவுக்கு ஆளுக்கு 7,500.

வெள்ளிக்கிழமை இரவு ஷோ என்றால் வாத்தியார் பாடசாலை விட்டதும் வேனில் ஏறுவார், சனி ஞாயிறு லீவு, அவருக்கு ஒரு சதமும் போகாது. பாடகனுக்குக் கடையில் தம்பி நிற்பான். எனக்கும் சனிக்கிழமை இல்லை. தோட்டத்தில் சனிக்கிழமையும் வேலை. ட்ரம்மர் வெள்ளி காலையிலேயே சாமான் ஏற்ற வந்துவிடுவான், சனி விடிய நாலு மணிக்கு லயத்துக்குப் போய்ச் சேர்வான், பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, போக முடியாது. இரண்டு பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம், போகும். அந்த மாதம் இரண்டு வெள்ளி ஷோ, ஒரு சனி ஷோ, வீடியோ எடுத்தது ஒரு செவ்வாய். மொத்தம் ஆறு நாள்.

அப்போது நடைமுறையில் இருந்தது 2016 ஒப்பந்தம்: அடிப்படை 500, வருகைக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைக் கொடுப்பனவு 30, எல்லாம் கிடைத்தால் நாளுக்கு 730. ஆறு நாளுக்கு 4,380. ஆக எங்களுக்கு 7,500 கிடைத்த மாதத்தில் அவனுக்குக் கிடைத்தது 3,120. அதற்குத்தான் நாங்கள் சம பங்கு என்று பேர் வைத்திருந்தோம், நான் கொப்பியில் ஐந்து பேர் பேருக்கும் நேரே ஒரே தொகையை எழுதி, அடியில் இரட்டைக் கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அந்த 60 ரூபாவில் இன்னொரு கொக்கி. தோட்டம் கொடுக்கிற வேலை நாளில் 75 வீதம் வந்தால்தான் அது கிடைக்கும், ஒரு நாள் குறைந்தாலும் வந்த நாளுக்கெல்லாம் சேர்த்துப் போய்விடும். 2019-ல் அந்தக் கொடுப்பனவையே எடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

எனக்குத் தெரியவில்லையா என்று கேட்டால், தெரியும், தோட்டத்தில்தான் பிறந்தேன், அம்மா கொழுந்தெடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். கணக்காகத்தான் யோசிக்கவில்லை. அவன் கேட்கவுமில்லை. கேட்பவன் எப்படிக் கேட்பான், எதிரில் இருப்பது ‘சேர்’.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்போடு அந்த வருஷத் திருவிழாக் காலம் முடிந்தது. வாங்கிய அட்வான்ஸை வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தோம், ஒரு கமிட்டித் தலைவர் மட்டும் “வச்சுக்குங்க தம்பி, அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றார். அடுத்த வருஷம் மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. இரண்டு வருஷத்தை இரண்டு வரியில் தாண்டுகிறேன், ஏனென்றால் கொப்பியில் அந்த இடம் வெறும் வெள்ளைத் தாள். லீட் ஒன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடி மேட்டில் ஏறினார், பேஸ்காரனுக்குப் போன் ரிப்பேர் நல்ல ஓட்டம், ட்ரம்மர் மலையில் நின்றான். 2021 மார்ச்சில் சம்பளம் ஒருவழியாக 1000 ஆனது, 900 அடிப்படை, 100 பட்ஜெட் கொடுப்பனவு. அன்றைக்கு எங்கள் பாட்டை மறுபடி பகிர்ந்தார்கள்.

யூடியூப் சேனல் பாடகனின் சொந்த ஈமெயிலில் இருந்தது. அப்போது யாரும் யோசிக்கவில்லை, அவனிடம்தான் நல்ல போன் இருந்தது. ஆயிரம் சந்தாதாரர், வருஷத்தில் 4,000 மணி நேரம் பார்வை இருந்தால் விளம்பரக் காசு வரும், ஆனால் 100 டொலர் சேர்ந்தால்தான் கையில் தருவார்கள். ஒரே ஒரு பாட்டு ஓடுகிற சேனலுக்கு 100 டொலர் சேர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அது சேர்ந்த நேரத்தைப் பாருங்கள்: 2022. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360-ல் நின்றது. ஊரில் 13 மணி நேரம் கரண்ட் கட், டீசலுக்கு வரிசை, கிட்டார் கம்பி விலையைக் கேட்டால் கடையை விட்டு ஓட வேண்டும், வேன்காரர் போனையே எடுப்பதில்லை. அந்த நேரத்தில் 104 டொலர், 37,000 ரூபாவுக்கு மேல், பாடகன் கணக்கில் வந்து விழுந்தது. டொலர் 150-ஆக இருந்திருந்தால் ஆளுக்கு மூவாயிரம், கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கலைந்திருப்போம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

பிள்ளைமடுவத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்தோம். பாடகன், வீடியோவுக்குத் தான் கைக்காசு 22,000 போட்டதாகவும் முதலில் அதைக் கழித்துவிட்டு மீதியைப் பிரிக்கலாம் என்றும் சொன்னான். அவன் சொன்னது பொய்யில்லை, கெமராக்காரருக்கும் எடிட்டிங்குக்கும் அவன்தான் கொடுத்தான், ஊரில் அவனைத் திருடன் மாதிரிப் பேசுவது அநியாயம். லீட், சரி, நியாயம்தான் என்றார். பேஸ்காரன் ஒன்றும் சொல்லவில்லை. நான் கொப்பியில் 22,000 என்று எழுதத் தொடங்கினேன்.

அப்போதுதான் ட்ரம்மர் பேசினான். “சேர், அப்ப என் நாளையும் கழிங்க.”

எந்த நாள் என்று லீட் கேட்டார், விளங்காமல்தான் கேட்டார். “வீடியோ எடுத்த நாள் சேர். ஷோவுக்கு வந்த நாளெல்லாம். அவர் காசு போட்டாரு, நான் பேர் போடாம வந்தேன்.”

யாரும் வாய் திறக்கவில்லை. லீட் சிரித்துக்கொண்டே, “என்ன தம்பி, நாமெல்லாம் கூட்டாளிங்க, இதையெல்லாம் கணக்குப் பார்க்கிறதா?” என்றார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பாடகனுடைய 22,000-த்துக்குத் தலையாட்டிய அதே மனிதர். ட்ரம்மர் எழுந்து, தன் குச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, “நான் வர்றேன் சேர்” என்று போனான். சண்டையில்லை, அடிதடியில்லை, தண்ணியுமில்லை. மலையகத்தின் புகழ்பெற்ற பேண்ட் உடைந்த கதை இவ்வளவுதான்.

பிறகு வக்கீல் கூட்டாளி ஒருவரிடம் சும்மா கேட்டேன். பாட்டைப் பொறுத்தவரை 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்க புலமைச்சொத்துச் சட்டப்படி சேர்ந்து ஆக்கியவர்கள் எல்லோரும் உரிமைக்காரர்கள், கடைசி ஆள் இறந்து 70 வருஷம் வரைக்கும். அந்த அடியைப் போட்டவனும் ஆக்கியவன்தானா என்பதில்தான் வாதமே வரும் என்றார். காசைப் பொறுத்தவரை அவர் சொன்னது எனக்குப் பிடித்துப்போனது: 1840-ஆம் ஆண்டு மோசடித் தடுப்புச் சட்டம் ஒன்று இன்னும் அமுலில் இருக்கிறதாம், மூலதனம் 1000 ரூபாவுக்கு மேல் போனால் கூட்டு வியாபாரத்தை எழுத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எங்கள் மிக்ஸர் மட்டும் 60,000. ஊரே ஆயிரம் ரூபாவுக்காகத் தொண்டை கிழியக் கத்திய காலத்தில், ஆயிரம் ரூபாவைத் தாண்டினால் எழுதி வை என்று கோப்பிக் காலத்துச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்துச் சிரித்தேன். ஆனால் எழுதி வைத்திருந்தாலும் என்ன எழுதியிருப்போம்? ஐந்து சம பங்கு என்றுதானே.

ட்ரம்மர் இல்லாமல் வேறொருத்தனை வைத்து இரண்டு ஷோ செய்தோம். அவன் சுத்தமாக வாசித்தான், மெட்ரோனோம் மாதிரி, ஆனால் அந்தப் பாட்டில் மதன் எரியவில்லை. இரண்டாவது ஷோவில் துண்டு ஒன்று வந்தது: ‘பழைய ட்ரம்மர் எங்கே?’ பாடகன் அதை மைக்கில் வாசிக்காமல் பொக்கெட்டில் போட்டுக்கொண்டான். அடுத்த வருஷம் அவன் கட்டாருக்குப் போனான். லீட் இப்போது பாடசாலைப் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக் கொடுக்கிறார், நன்றாகவே.

ட்ரம்மர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. 2023 தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தான், நான் கொப்பியைத் தூக்கிக்கொண்டு அவன் லயத்துக்குப் போனேன். மாதம் மாதமாக அவனுடைய நாளைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், என் பங்கிலிருந்து கொஞ்சமாவது கொடுக்கலாம் என்று. இஸ்தோப்பில் உட்கார்ந்தோம், அவனுடைய அம்மா பிளேன்டீயும் முறுக்கும் வைத்துவிட்டுப் போனார். 2018 ஏப்ரல் பக்கத்தைக் காட்டி விளக்கினேன்: வேலை நாள் 25, அதில் நீ ஆறு நாள் வரவில்லை, 19 நாள் வேலை செய்திருக்கிறாய், 75 வீதம் என்பது 18.75, ஆகவே வருகைக் காசு தப்பிவிட்டது, நஷ்டம் 4,380 மட்டும்.

அவன் கொப்பியைக் கையில் வாங்கவேயில்லை. “அண்ணே, அந்த மாசம் சித்திரை வருஷப் பிறப்பு. இருபத்தஞ்சு நாள் குடுக்கல, இருபத்தியொரு நாள்தான் வேலை குடுத்தாங்க. பதினாறு நாள் வந்திருந்தா போதும். நான் பதினஞ்சு.”

பதினைந்து அறுபது, 900. நான் பேனாவை எடுத்து 3,120-ஐ வெட்டிவிட்டு 2,220 என்று எழுதினேன். அவன் முறுக்கை ஒடித்துக்கொண்டே சொன்னான், “அந்த ஒரு நாள், வீடியோ எடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணே.”